தங்கராசு போர்மேன் சொன்ன சாட்சி

சென்ற மாதம் எங்கள் பழைய சுரங்கத்தின் பயிற்சி நிலையத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஒன்று அது. இப்போது அங்கே பாதி இடத்தில் வெடி வைப்பதே இல்லை. பெரிய மிஷின் ஒன்று பாறையைச் சீவிக்கொண்டே போகிறது. அதை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பெண் எழுந்து, "சார், உங்க சர்வீஸ்ல நீங்க ரொம்ப பயந்த நாள் எது?" என்று கேட்டாள்.

வேலைக்காலம் முழுக்க வெடியோடு இருந்தவன் என்பதால் ஏதோ பாறை பறந்த கதையை எதிர்பார்த்து எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பயந்தது சுரங்கத்துக்குள் இல்லை. மேனேஜர் அறையில், ஃபேனுக்கு நேர் கீழே, குஷன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது. அன்று நேரம் போதாமல் பாதிதான் சொன்னேன். முழுவதையும் எழுதிவிடலாம் என்று பிறகு தோன்றியது.

எனக்கு ஊர் கல்லங்குறிச்சிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனவர்கள். நான் சுரங்கத்தில் கல் பொறுக்கும் கூலியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி மேட், அதாவது கூலி ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி, ஆனேன். அப்புறம் இன்னொரு பரீட்சை எழுதி பிளாஸ்டர், அதாவது வெடி வைக்கும் பொறுப்பாளர், ஆனேன். இரண்டு பரீட்சைக்கும் என்னைப் படிக்க வைத்தவர் தங்கராசு போர்மேன்.

உயரமான, ஒடிசலான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் பக்கத்தில் வந்து நின்றால் கை தானாக மெதுவாகிவிடும். துளைக்குள் மருந்தை இறக்கி, மேலே மண்ணைப் போட்டு மரக்கோலால் இடித்துக் கெட்டிப்போம் இல்லையா, அந்த இடியின் சத்தத்தை வைத்தே "பன்னீரு, அது இறுகல. இன்னொரு கை போடு" என்பார். சைரன் ஊதி, நான்கு பக்கமும் ஆள் நிறுத்தி, வெடி வெடித்து முடிந்ததும் எல்லோருக்கும் டீ ஞாபகம் வரும். அவருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பமாகும். புகை முழுக்க அடங்கும்வரை ஒருவரையும் விடமாட்டார். அடங்கியபின் பிளாஸ்டர் போய்ப் பார்த்து, எல்லாத் துளையும் வெடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சட்டப்படி அவ்வளவு போதும். பிளாஸ்டர் வந்து சொன்ன பிறகு இவரும் ஒரு தரம் போவார். குனிந்து குனிந்து ஒவ்வொரு துளையிருந்த இடத்தையும் பார்ப்பார். திரும்பி வந்து, சந்தேகம் தீராத மாதிரி மறுபடியும் போவார்.

"இவருக்கு நம்ம மேல நம்பிக்கையே கெடையாதுடா" என்று ஆரம்பத்தில் நாங்கள் முணுமுணுத்தோம். போகப் போக அது எங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. அவர் காலத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. பாதுகாப்பு வார விழாவில் வருடா வருடம் அவருக்குத்தான் மாலை. மாலை விழுந்த மறுநிமிடம் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார். தன்னடக்கம் என்று பேசிக்கொள்வோம்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. பெரிய கேட் வழியாக அவர் வந்ததே இல்லை. லாரிகள் போகும் பின்பக்கக் கேட்டுக்குச் சுற்றிக்கொண்டு, புழுதியைத் தின்றுகொண்டு வருவார். பெரிய கேட்டில் சாமிக்கண்ணு என்ற வாட்ச்மேன் இருந்தார். ஒரு காலத்தில் துளை போடும் மிஷினை ஓட்டியவர். வெடிக்காமல் கிடந்த மருந்தின் மேல் துளைக்கம்பி பட்டு இடது கை போய்விட்டது. கம்பெனி இந்த வேலையைக் கொடுத்தது. "அப்ப இருந்த போர்மேன் கலியபெருமாள்னு ஒரு பாவி. வெடிக்காத எடத்துல கொடி நடாம போயிட்டான். அவன் நல்லாவா இருப்பான்?" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். நான் சேர்வதற்கு முந்தைய கதை அது. கலியபெருமாளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், அந்த இடத்துக்குத் தங்கராசு வந்தார் என்று மட்டும் தெரியும்.

தங்கராசு டவுனில் மாடி வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லோரும் வேனில் போனோம். பந்தியில் இலை போட்ட பிறகு ஆளைக் காணவில்லை. விசாரித்தால் சுரங்கத்துக்குப் போய்விட்டாராம். அன்று வெடியே கிடையாது. அவர் மனைவி மலர்க்கொடி அக்கா பாயசம் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "போர்மேன் ஆவணும், ஆவணும்னு அவ்வளவு துடிச்சாரு தம்பி. ஆனதுக்கு அப்புறம் இந்த மனுசன் நிம்மதியா ஒக்காந்து ஒரு வேள சோறு தின்னு நான் பாக்கல. என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கறாரு. ஒங்க கிட்டயாவது சொல்றாரா?"

எங்களிடமும் சொல்லவில்லை.

இனி அந்த நாள். தங்கராசுவுக்கு உதவி மேனேஜராகப் பதவி உயர்வு முடிவாகி, ஆர்டர் ஆபீசுக்கு வந்துவிட்ட வாரம். எங்கள் ஷிப்டு சூப்பர்வைசர் பிரபு என்ற வாலிபன். கெட்டிக்காரன், ஓட்டமும் நடையுமாக இருப்பான். தங்கராசு மேலே போனால் அந்த போர்மேன் இடம் காலியாகும். அதற்குள் தன் ஷிப்டில் கல் அதிகமாக ஏறிக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஒரு பரபரப்பு.

வழக்கம்போல மதியம் வெடித்தோம். புகை அடங்கியதும் நான் போய்ப் பார்த்தேன். படிப்படியாகப் பாறையை வெட்டி இறக்கிய தளத்தின் கிழக்கு மூலையில் தரை எழும்பவில்லை. மண் கெட்டித்தபடியே இருந்தது. உள்ளே இருந்து ஆரஞ்சு நிற வயர் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளை வெடிக்கவில்லை. இப்படி ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிவப்புக் கொடி நட்டு, ஒருவரையும் கிட்டே விடாமல், தள்ளி வேறொரு துளை போட்டு, பக்குவமாக அதை எடுக்க வேண்டும். கொடியை நட்டேன். மேலே வந்து பிரபுவிடம் சொன்னேன்.

"மூலையில ஒரு ஹோல் வெடிக்கல தம்பி. கொடி வச்சிருக்கேன். அந்தப் பக்கம் மிஷின் போவ வேணாம். நான் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"சரிண்ணே, போயிட்டு வாங்க" என்றான்.

நான் ஆபீசை எட்டுவதற்குள் சைரன் விட்டு விட்டு ஊதியது. ஆபத்து என்று அர்த்தம். ஓடி வந்தேன். கல் அள்ளும் மிஷின் அந்த மூலையில் நின்றது. அதன் வாளியில் கற்களுக்கு நடுவே மருந்துக் குழாயும் வயரும் கிடந்தன. ஓட்டிய சின்னதுரை வாளியை அப்படியே தரையில் மெல்ல இறக்கி வைத்துவிட்டு இறங்கி வந்திருந்தான். கொஞ்சம் வேகமாக இறக்கியிருந்தால் அவன் இல்லை.

தங்கராசு வந்தார். எல்லோரையும் தொலைவுக்கு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் கூட வைத்துக்கொண்டு, மருந்தையும் வயரையும் பிரித்து எடுத்தார். வேலை முடிந்ததும் அந்த மூலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கொடி நட்டியா பன்னீரு?"

"நட்டேங்க."

"எங்க?"

நட்ட இடத்தைக் காட்டினேன். அங்கே மிஷினின் சங்கிலித் தடம்தான் இருந்தது. கொடி இல்லை. அவர் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆனதைப் பார்த்தேன். என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. சின்னதுரை உண்மையைத்தான் சொன்னான்: "நான் போவும்போது கொடி எதுவும் இல்லீங்க." அடுத்து பிரபு. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இவர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல சார். கொடியும் வைக்கல."

"தம்பி, ஒங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்" என்றேன். அவன் நிமிரவில்லை. பிளாஸ்டர் சர்டிபிகேட் போனால் வேலை போகும். மறுபடி கூலியாகச் சேர்க்கவும் மாட்டார்கள். மகள் அப்போது பெரம்பலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாவற்றையும்விட, நான் கொடி நடாதவன் என்று ஊர் பேசப் போகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பயந்தேன். செய்த ஒன்றைச் செய்தேன் என்று நிரூபிக்க முடியாத பயம்.

மேனேஜர் தங்கராசு பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க? கவனக்குறைவுன்னு நீங்களும் சொல்லிட்டா இதை இன்னைக்கே முடிச்சிரலாம்."

தங்கராசு மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். தம்ளரை வைத்தார்.

"நான் எதையும் கண்ணால பாக்கல சார். ஆனா கொடி நட்டவனோட பேச்சு எப்படி இருக்கும், கொடிய பிடுங்கினவனோட பேச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் பிடுங்கினவன்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவரே நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு முந்தி கலியபெருமாள்னு ஒரு போர்மேன் இருந்தாரு. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு. அவர் வூட்டுலதான் பாதி நாள் சாப்பாடு. நான் அப்ப பிளாஸ்டர். அவர் ரிட்டயர் ஆவ ரொம்ப நாள் இருந்துச்சு. எனக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியல. ஒரு நாள் ஒரு ஹோல் வெடிக்கல. அவர்தான் பாத்து கொடி நட்டாரு. சாயாம இருக்க கல்லு வச்சு அண்டை குடுத்தாரு. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அத பிடுங்கி சுருட்டி சட்டைக்குள்ள வச்சுகிட்டேன். மேலதிகாரிங்க வந்து பாத்துட்டு அவர திட்டுவாங்க, பேர் கெடும், எடம் நமக்கு வரும்னு நெனச்சேன். அதுக்குள்ள அடுத்த ஷிப்டுக்கு வந்த சாமிக்கண்ணு அங்க துளை மிஷின ஓட்டிட்டாரு. அவர் கை போச்சு. விசாரணையில கொடியே இல்லன்னு சொன்னேன் சார். இந்தத் தம்பி சொன்ன மாதிரியே. தரையைப் பாத்துகிட்டு."

மேனேஜர் எழுந்துவிட்டார். "என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? ஒங்க ஆர்டர் என் மேஜையில இருக்கு."

"அது வேணாம் சார். முந்தி வாங்கினதே எனக்குச் செரிக்கல."

பிறகு பிரபுவைப் பார்த்தார். அதட்டலே இல்லாத குரல். "தம்பி, நீ யாரு கையையும் எடுக்கணும்னு நெனச்சிருக்க மாட்ட. நானும் நெனக்கல. அந்த எடம் கெடச்சுது. அதுல ஒரு நாள் கூட நான் மனசார ஒக்காரல. வெடி வெடிச்சா சாமிக்கண்ணு கத்தினது கேக்கும். போய்ப் போய்ப் பாப்பேன். இவங்கல்லாம் என்னைய பொறுப்பான ஆளுன்னு சொல்லுவாங்க. ஒனக்கு அப்படி இல்ல. சின்னதுரை ரெண்டு கையோட நிக்கிறான் பாரு. இப்பவே சொல்லிடு. வூட்டுக்குப் போயி சோறு திங்கலாம்."

பிரபு முகத்தை மூடிக்கொண்டான். "ஜீப்புல இருக்கு சார்" என்றான். "மூலையில நெறய கல்லு கெடந்துச்சு. ஒரு லோடு அள்ளிட்டு மறுபடி நட்டுடலாம்னு எடுத்தேன்."

சின்னதுரை வெளியே போனான். சீட்டுக்கு அடியில் கிடந்த கொடியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தவை அலுவலகத்துக்குரியவை. பிரபுவைக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "வூட்டுக்கு அனுப்பிடாதீங்க சார்" என்று தங்கராசு அவனுக்காகக் கெஞ்சினார். திரும்பி வந்தவன் முதல் நாளே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். இப்போது வேறொரு சுரங்கத்தில் இருக்கிறான். அவனிடம் வேலை பார்க்கிறவர்கள் நல்ல மாதிரியாகவே சொல்கிறார்கள். தங்கராசுவின் பழைய விவகாரத்தை மேலிடத்துக்கு எழுதினார்கள். போர்மேன் சர்டிபிகேட் போனது. மிச்சமிருந்த காலத்துக்குக் கல் உடைக்கும் பகுதியில் சாதாரண வேலை கொடுத்தார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைச் செய்தார். கலியபெருமாள் மேல் குற்றமில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது.

விசாரணை நடந்த அன்று மாலை அவர் பெரிய கேட் வழியாகத்தான் வெளியே போனார். நான் கூடவே நடந்தேன். சாமிக்கண்ணுவின் முன்னால் நின்று, அறையில் சொன்னதையே சொன்னார். சாமிக்கண்ணு அடிப்பார் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றேன். அவர் அடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒன்னைய நான் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். "அது கெடக்கட்டும். அந்த மனுசன இத்தன வருசமா பாவி பாவின்னு ஏசிட்டேனே. அதுக்கு என்ன செய்யறது? அவர் எங்க இருக்காருன்னாவது தெரியுமா?"

தெரியும். தங்கராசுவுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. கலியபெருமாள் திருமழபாடியில் மகள் வீட்டோடு, கொஞ்சம் வாழை போட்டுக்கொண்டு இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். சாமிக்கண்ணு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். கொள்ளிடக் கரையோரம் வாழைத் தோட்டத்தில் கலியபெருமாள் தார்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். குள்ளமான கிழவர். தங்கராசுவை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"எதுக்கு வந்த?"

தங்கராசு காலில் விழப் போனார். "அதெல்லாம் வேணாம், நின்னு சொல்லு" என்றார் கிழவர்.

"அன்னைக்கு நீங்க கொடி நட்டீங்கண்ணே. நான்தான் பிடுங்கினேன்."

கலியபெருமாள் கையில் இருந்த கழியை ஊன்றிக்கொண்டார். நான் கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"நட்டேனா?"

"நட்டீங்க."

"நீ ஒன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேண்ணே. கல்லு வச்சு அண்டை குடுத்தீங்க. குடுத்துட்டு கைய வேட்டியில தொடச்சீங்க."

கிழவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நட்டேன் நட்டேன்னு சொல்லிப் பாத்தேன். யாரும் நம்பல. கொஞ்ச நாள் போனதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சுடா. ஒருவேள நடாமத்தான் போயிட்டமோ, மறதியில ஒருத்தன் கைய எடுத்துட்டமோன்னு. அந்த நாள யோசிச்சு யோசிச்சு, கொடி எனக்கே ஞாபகம் வராம போச்சு." கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "அப்ப நான் நட்டுருக்கேன்."

சாமிக்கண்ணு போய் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். "நாந்தாண்ணே சாமிக்கண்ணு" என்றார். கிழவர் அவருடைய காலிச் சட்டைக்கையைத் தடவிப் பார்த்தார். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. தள்ளிப் போய் நின்றேன். தங்கராசு நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு கிழவர் எழுந்தார். "செல்வி! இங்க வா" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மகள் ஈரக் கையோடு வந்தாள். தங்கராசுவிடம், "இவகிட்ட சொல்லு" என்றார். தங்கராசு சொன்னார். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுதாள். "வா" என்று தங்கராசுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிழவர் தெருவுக்கு நடந்தார். பக்கத்து வீட்டில் சொல்லச் சொன்னார். மளிகைக் கடையில் சொல்லச் சொன்னார். டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. அங்கே ஒவ்வொருவரையும் பேப்பரை மடக்கி வைக்கச் சொல்லிவிட்டு, "ம், சொல்லு" என்றார்.

"கலியபெருமாள் அண்ணன் கொடி நட்டாரு. நான்தான் பிடுங்கினேன்."

முதலில் குரலே எழும்பாமல் சொன்ன தங்கராசு, டீக்கடையில் தலையை நிமிர்த்திச் சொன்னார். ஒருவர் காறித் துப்பினார். அதையும் வாங்கிக்கொண்டார். கிழவர் எங்களுக்கு டீ சொன்னார். தங்கராசுவுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக, சூடு ஆறும்வரை அதைக் குடித்தார்.

மன்னித்துவிட்டேன் என்று கலியபெருமாள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. பஸ் வந்ததும் நாங்கள் ஏறினோம். தங்கராசு படியில் கால் வைத்தபோது கிழவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துடு. கீழத்தெருவுல இன்னும் சொல்லல."

"வரேண்ணே" என்றார் தங்கராசு.

போனார்.